ஞானையன் நடத்தி வைத்த நாற்பத்தொரு கல்யாணம்

ஒரே மத்தியானத்தில், பந்தல் போடாமல், போதகரையோ பங்குச் சாமியாரையோ கூப்பிடாமல், மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்காமல், நாற்பத்தொரு பெண்களுக்குக் கல்யாணம் நடத்தி வைத்தவர் ஞானையன். மாப்பிள்ளை வேறு யாருமில்லை. அவரவர் கூடப் பிறந்த அக்காளோ தங்கையோதான். இதற்காக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. இருபதாவது கல்யாணத்துக்கும் இருபத்தொன்றாவது கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு கட்டன்சாயாவும் இரண்டு பழம்பொரியும் சாப்பிட்டார். ஐந்து மணிச் சங்கு ஊதியபோது எல்லாம் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

புதுக்கடைச் சந்தையில் இதைச் சொன்னால் மீன்காரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் வலைக் கம்பெனியில் வேலை பார்த்த அறுநூறு பேருக்கும் இது தெரிந்த விஷயம். நம்பாதவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி நம்புவாளா மாட்டாளா என்பதில் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வலைக் கம்பெனி புதுக்கடையிலிருந்து இரண்டு மைல். உள்ளே அறுபது மெஷின்களும் ஒன்றாக ஓடினால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் வளையம் விழும் என்பார்கள். மெஷின் பின்னித் தள்ளும் மீன்வலையை மடியில் போட்டு, விட்டுப்போன கண்ணிகளைத் தேடிப் பிடித்துக் கையால் முடிச்சுப் போடுவது பெண்களின் வேலை. அவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யாருக்கு எந்தச் சலுகை என்று எழுதி வைப்பது டைம் ஆபீஸ் ஞானையனின் வேலை. முப்பத்துமூன்று வருடம் அதைச் செய்தார்.

அவருக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று, எதையும் உள்ளபடி சொல்ல வராது. பத்மநாபபுரம் கொட்டாரத்தில் ராஜாவுக்கே வருகைப் பதிவேடு வைத்தது தன் தாத்தன்தான் என்றும், ராஜா மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு அரை நாள் விடுப்பு வெட்டினார் என்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். இரண்டாவது வியாதி கொஞ்சம் கடுமையானது. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. ரயில் முன்பதிவுத் தாளில் ‘நீங்கள் டாக்டரா?’ என்ற இடத்தில் ‘இல்லை, விருப்பம் இருந்தது’ என்று எழுதியவர். சொந்தக் கல்யாணத்தின்போது சபைப் பதிவேட்டில் ‘குறிப்பு’ என்ற கட்டம் சும்மா கிடக்கிறதே என்று ‘நல்ல மழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பழைய முதலாளி காலத்தில் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேரும் பெண் ஒரு பெயரை எழுதிக் கொடுக்கலாம். ‘கூட உள்ளவர்’ என்று அதற்குத் தலைப்பு. புருஷன், பிள்ளை, அம்மை, யாரானாலும் சரி. அந்த ஆளுக்குத் தீனம் வந்தால் கம்பெனி வைத்தியம் பார்க்கும். நகை பேசி, ரொக்கம் பேசி, பேசிப் பேசியே கல்யாணம் தட்டிப்போன பெண்கள் அங்கே நிறைய. அப்பனும் அம்மையும் கல்லறைக்குப் போன பிறகு அக்காளும் தங்கையும் மட்டும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் கூடப் பிறந்தவளின் பெயரை எழுதினார்கள். வேறு யார் பெயரை எழுதுவது?

2005இல் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளியின் மகன்கள் சென்னையில் தலைமை அலுவலகம் வைத்தார்கள். ஓசூரில் ஒரு கயிற்று ஆலையையும் வாங்கினார்கள். இனி பதிவேடு கிடையாது, எல்லாம் மென்பொருள், எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்று உத்தரவு வந்தது. ஞானையன் ஒவ்வொரு பெயராக ஏற்றினார். ‘உறவு’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும். கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தகப்பன், தாய். அவ்வளவுதான். சகோதரி இல்லை. கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகக் கம்ப்யூட்டர் சம்மதிக்காது; சம்மதித்தாலும் ஞானையனுக்கு மனசு வராது.

தங்கையை மகள் என்று போட்டுப் பார்த்தார். வயது உதைத்தது. அக்காளைத் தாய் என்று போட்டார். ஆறு வயதில் பிள்ளை பெற்றாளா என்கிற மாதிரி சிவப்பு எழுத்தில் மறுத்தது. கடைசியில் ‘கணவன் அல்லது மனைவி’ என்று போட்டார். கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் பெண்ணாயிற்றே என்று பார்க்க அதைச் செய்தவனுக்குத் தோன்றியிருக்காது. ஞானையன் நாற்பத்தொரு தடவை அதையே அழுத்தினார்.

மறுநாள் கையெழுத்து வாங்க எல்லாரையும் ஜோடியாக வரச் சொன்னார். சகாயசெல்வி முதலில் வந்தாள். வலை நூல் அறுத்து அறுத்து அவள் சுண்டுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பின்னால் அவள் அக்காள் பூங்கனி. மூச்சு வாங்க நடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கும்.

“ஏட்டி சகாயம், இண்ணைக்கு முதலு இவ உனக்க கெட்டியோன் ஆக்கும்,” என்றார் ஞானையன்.

“கெட்டியோனா? கெட்டியோன்ணா குடிச்சிட்டு வந்துல்லா அடிப்பான். இவ குடிக்காமலே அடிக்குதாளே சாறே.”

பூங்கனி கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கொரு மாப்பிள்ளை தேடி எங்க அப்பன் குளச்சல் வரைக்கும் செருப்பு தேய நடந்தாரு. இந்த ஜன்னலுக்குள்ள நீரு ஒருத்தரு இருக்கியருண்ணு ஒருத்தனும் அவருட்ட சொல்லலியே!”

அன்றைக்குக் கம்பெனி முழுக்கச் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் மூன்று வருடம், சாப்பாட்டு நேரத்தில் “உனக்க கெட்டியோன் இண்ணைக்கு என்ன கறி வச்சான்?” என்று கேட்காத நாளில்லை.

2008 ஏப்ரலில் ஜெனிலா வந்தாள். நாகர்கோவில் பெண், இருபத்தேழு வயது, சென்னைத் தலைமை அலுவலகத்தில் மனிதவளப் பிரிவு. ஓசூருக்கு ஒரு திட்டம், புதுக்கடைக்கு ஒரு திட்டம் என்று இனிமேல் வேண்டாம், காப்பீட்டுக் கம்பெனியும் புதிது, எல்லா ஆலைக்கும் ஒரே சலுகைத் திட்டம் என்று முடிவாகியிருந்தது. அதற்காக ஒவ்வொரு விதியாக உட்கார்ந்து அடிக்க வேண்டாம். யார் சேரலாம், எந்த உறவு செல்லும், எந்தத் தேதியிலிருந்து என்று ஓசூர்த் திட்டத்தில் ஏற்கெனவே எல்லாம் அமைத்தாகிவிட்டது. அதை அப்படியே நகலெடுத்துப் புதுக்கடைத் திட்டத்தின் மேல் வைத்தால் போதும். கால் மணி நேர வேலை.

செய்யவேண்டியதை ஜெனிலா ஒரு தாளில் எழுதித் தந்தாள். திரையில் நான்கு கட்டம் வரும். விதிகள், உறவுகள், தேதிகள் மூன்றுக்கும் டிக். நான்காவது, ‘பொருந்தாத பெயர்களை நீக்கு.’ அதைத் தொட வேண்டாம். பொருந்தாதவை இருந்தால் பட்டியல் வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போது அவள் செல்போன் அடித்தது. உள்ளே சிக்னல் கிடைக்காமல் வெளியே தென்னைமூட்டுப் பக்கம் போனாள்.

ஞானையன் மூன்று டிக்கும் போட்டார். நான்காவது கட்டம் வெள்ளையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று பல் இருக்கிற வாயில் ஒரு ஓட்டை மாதிரி. ஒரு நிமிஷம் சகித்தார். முப்பத்துமூன்று வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் சகித்தது அதுவே முதல் தடவை. அப்புறம் கை தானாகப் போயிற்று.

‘நகல் முடிந்தது. நீக்கப்பட்ட பெயர்கள்: 41.’

செய்தி ஒரே ஒரு முறைதான் வந்தது. சரி என்று அழுத்தியதும் போய்விட்டது. அந்த எண்ணுக்கு விளக்கம் யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பூங்கனியின் பெயரை மறுபடி ஏற்றிப் பார்த்தார். சிவப்பு. ‘கணவன் அல்லது மனைவி எதிர்ப்பாலினராக இருக்க வேண்டும்.’ ஓசூரில் எவனோ கவனமான ஆள் போட்டு வைத்திருந்த விதி, மற்ற விதிகளோடு நகலாகி வந்து இங்கே உட்கார்ந்துவிட்டது. வேறு ஒரு பெயரைப் போட்டார். சிவப்பு. மூன்றாவது ஒன்றைப் போட்டார். அதுவும் சிவப்பு.

ஜெனிலா திரும்பி வந்தாள். “முடிஞ்சா சார்?”

“முடிஞ்சு மேடம்.”

ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும்: இப்போது போட்ட டிக்கையும், 2005இல் நடத்திய கல்யாணத்தையும். பொய்யான உறவைக் காப்பீட்டில் ஏற்றியவன் என்று முப்பத்துமூன்று வருடத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டால்? மூன்று மாதம்தானே. இந்த நாற்பத்தொரு வீட்டில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது, வலை இழுக்கிற குடும்பங்கள், கருங்கல் மாதிரி இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சொல்லிக்கொண்டாரே தவிர, நம்பவில்லை. ஏப்ரலும் மேயும் அவர் அந்த நாற்பத்தொரு பெண்களிடமும் வீட்டு விசாரணை செய்தார். அக்காளுக்குச் சுகமா, தங்கைக்குத் தூக்கம் வருகிறதா, கால் வீங்குகிறதா. யாராவது தும்மினால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு எழுந்து வருவார். வீட்டிலிருந்து சுக்குக் காப்பி போட்டு எடுத்து வந்து, கூட உள்ளவளுக்குக் கொண்டுபோ என்று தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பார். புதுக்கடைக் கடைகளில் சுக்குக்கே தட்டுப்பாடு வந்தது. ஞானையன் சாறுக்கு ஓய்வு நெருங்க நெருங்க மனசு இளகிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் முதல் வாரம் சகாயசெல்வி ஜன்னலுக்கு வந்தாள். தலை சீவாமல் வந்திருந்தாள்.

“சாறே, அக்காளுக்க பேரு இல்லியாம்.”

“எங்க இல்ல?”

“திருவனந்தரத்து ஆஸ்பத்திரியில. நெஞ்சுக்குள்ள வால்வு சுருங்கிப் போச்சாம். ஒரு மாசத்துக்குள்ள அறுக்கணும்ணு டாக்டரு சொல்லுதாரு. கம்பெனி காப்பீடு உண்டும்ணு கார்டை நீட்டினேன். அந்தப் பெண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, உனக்க பேரு மட்டும்தான் இருக்கு, உனக்குத்தான் கெட்டு நடக்கலியே, வேற ஆரு இருப்பாண்ணு கேட்டு. நான் என்னத்த சொல்ல?”

“சர்க்கார் ஆஸ்பத்திரியில கேட்டியா?”

“பேரு குடுத்தாச்சு. வரிசை பெருசு. ஆவணியிலதான் தேதி.” அவள் கம்பியைப் பிடித்தாள். “ஆவணி வரைக்கும் அவ கிடக்க மாட்டா சாறே. நேத்து ரெண்டு படி ஏற முடியாம உக்காந்துட்டா. உக்காந்துட்டு, நான் ஏறலேண்ணா என்னட்டி, மச்சு வீடா கெட்டி வச்சிருக்கோம்ணு சிரிக்கா.”

ஞானையன் பதிவேட்டை மூடினார். “நான் பாத்துக்கிடுதேன். நீ போ மக்கா,” என்றார்.

பார்த்துக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டு நாளும் ஜெனிலாவின் அறை வாசல் வரை போய், ஏதோ மறந்தவர் மாதிரி திரும்பினார். ஆலையின் மற்ற வேலைகளுக்காக அவள் ஜூன் முடியும்வரை அங்கேதான் இருந்தாள். மூன்றாம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் பேனாவை மூடினாள்.

“சார், ஒரு தடவ கூட சொல்லுங்க. அக்காளையும் தங்கச்சியையும்...”

“கெட்டி வச்சேன் மேடம். கம்ப்யூட்டர்ல.”

“எத்தன பேர?”

“நாப்பத்தொண்ணு. ஒரு மத்தியானம்.”

“பொறவு நாலாவது டிக் போட்டீங்க, எல்லாம் அழிஞ்சு.”

“ஆமா.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஞானையன் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் பேசினார். அதனாலேயே அது மற்றதையெல்லாம்விடப் பெரிய பொய்யாகத் தெரிந்தது.

ஜெனிலா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். சகாயசெல்வியின் எண், பூங்கனியின் பெயர், ‘கணவன் அல்லது மனைவி.’ சிவப்பு எழுத்து வந்தது. “பாத்தீங்களா? இது ஏத்துக்கிடவே ஏத்துக்கிடாது.”

“இப்பம் ஏத்துக்கிடாது. அந்த விதி ஓசூரிலேருந்து நகலா வந்தது. அண்ணைக்கு அது இல்ல.”

“அண்ணைக்கு இல்லண்ணு நான் எப்படிப் பாக்க? பழைய சர்வரை மாத்தி அழிச்சாச்சு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “சார், விடுபட்ட பேர சேக்க வழி இருக்கு. போன வருசம் இவங்க காப்பீட்டுல இருந்தாங்க, நகல் எடுக்கும்போ தப்பிப்போச்சுண்ணு தலைமை அலுவலகம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ரெண்டு நாள்ல சேப்பாங்க. அந்தக் கையெழுத்து என் கையெழுத்துதான். நடக்காத ஒண்ண நடந்ததுண்ணு நான் எழுதி, நாளைக்கு அது பொய்யிண்ணு வந்தா, அறுநூறு பேருக்கும் காப்பீடு போயிரும். நீங்க நல்ல மனுசன். அந்த அக்காவக் காப்பாத்தணும்ணு சொல்லுதீங்க. அதுவரைக்கும் எனக்குப் புரியுது.”

“நான் பொய் சொல்லல.”

“நான் வந்த அண்ணைக்கு ராஜாவுக்கு அரை நாள் லீவு வெட்டின கதையச் சொன்னீங்க சார்.”

அவர் வெளியே வந்து பெண்களைக் கூப்பிட்டார். மடியில் கிடந்த வலையைப் போட்டுவிட்டு, அக்காள் கூட இருந்த சகாயசெல்வி தவிர நாற்பது பேரும் வந்து ஜெனிலாவின் அறை முன்னால் நின்றார்கள். ஆமாம், கெட்டி வைத்தார்; ஆமாம், கையெழுத்துப் போட்டோம்; நானும் என் தங்கச்சியும் கெட்டியோனும் கெட்டியோளும்தான். ஒருத்தி போட்டோ இருக்கிறதா என்று கேட்டதற்கு இன்னொருத்தி வீடியோவே இருக்கு என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு காரியத்தைக் கெடுத்தது. போன பிறகு ஜெனிலா சொன்னாள்: “நாப்பது பேருக்கும் இதுல ஆதாயம் இருக்கு. நாப்பது பேரும் ஒரே மாதிரி சொல்லுதாங்க. ஒருத்தியாவது மாத்திச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்.”

பழைய ‘கூட உள்ளவர்’ பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து காட்டினார். பூங்கனி என்ற பெயர் இருந்தது. அது பழைய முதலாளியின் வழக்கம், காப்பீடு இல்லையே என்றாள் ஜெனிலா. கையெழுத்துப் போட்ட தாள்களெல்லாம் பழைய காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டன. ஜெனிலா கல்நெஞ்சுக்காரி இல்லை. பழைய பட்டியலைக் கேட்டு அன்றைக்கே அவர்களுக்கு மெயில் அனுப்பினாள், போன் செய்தாள், மறுநாளும் செய்தாள். பதினைந்து வேலை நாளில் தருகிறோம் என்று பதில் வந்தது.

ஞானையன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டினார். கம்பெனிப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஆஸ்பத்திரி சொன்ன தொகைக்கு அது வாசல்படி வரைக்கும்கூட எட்டவில்லை. ஒன்பதாவது வேலை நாள் காலையில், தேங்காய் திருவ உட்கார்ந்த பூங்கனி பாதி முறியில் கையை நிறுத்தினாள். தங்கை குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தபோது அக்காள் சுவரில் சாய்ந்திருந்தாள். முறி மடியில் இருந்தது.

அடக்கத்துக்கு வலைக் கம்பெனியே வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லாமல் ரோடு வரைக்கும் பெண்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டைகள். அன்றைக்கு ஒரு தொண்டையிலிருந்தும் சத்தம் வரவில்லை. எல்லாரும் போன பிறகு ஞானையன் சகாயசெல்வியிடம் போனார்.

“சகாயம், ஏப்ரல்லயே அவளுக்க பேரு போச்சு. எனக்க கையால போச்சு. எனக்குத் தெரியும். சொல்லல.”

அவள் திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

“சுக்குக் காப்பி எதுக்காக்கும்ணு இப்பம் மனசிலாச்சு,” என்று மட்டும் சொன்னாள். மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். ஞானையனின் ஓய்வுக்கு அதற்கு மேல் மூன்று நாள் இருந்தது. வாசலில் இருந்த வருகை மெஷின் அவள் கார்டை ஏற்கவில்லை. அனுமதி இல்லாமல் ஆறு நாள் வராதவள் என்று நிறுத்திவிட்டது. அவள் ஜன்னலுக்கு வந்து நின்றாள். ஜெனிலாவும் அப்போது டைம் ஆபீசில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“இருங்கக்கா. ஏதாவது விடுப்புல போட்டுச் சரி செய்யுதேன்.”

ஓசூர் விதியில் கூடப் பிறந்தவர்கள் செத்தால் விடுப்புக் கிடையாது. ஜெனிலா ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். கடைசியில் ‘துக்க விடுப்பு’ என்று ஒன்று இருந்தது. அது புதுக்கடை ஆலைக்கு மட்டும் உள்ள பழைய திட்டம். ஓசூரில் அப்படி ஒன்று இல்லாததால் அதன் மேல் யாரும் எந்த நகலையும் வைக்கவில்லை. ஞானையன் அதை ஒருநாளும் திறந்ததில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் நோட்டில் எழுதிக்கொள்வதுதான் அவர் பழக்கம்.

“அதுல ஒண்ணும் இருக்காது மேடம்,” என்றார்.

அவள் சகாயசெல்வியின் எண்ணை அடித்தாள்.

ஒரு வரி வந்தது. கூட உள்ளவர்: பூங்கனி. பால்: பெண். உறவு: கணவன் அல்லது மனைவி. சேர்த்த ஆண்டு 2005. சேர்த்தவர்: ஞானையன். 2005இல் பெயர்களை ஏற்றியபோதே கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு இங்கேயும் ஒரு பிரதி எடுத்துப் போட்டிருக்கிறது. சர்வர் மாறியும் அழியாமல், ஏற்றியவருக்கே தெரியாமல் மூன்று வருடமாக அது அங்கே கிடந்திருக்கிறது.

ஜெனிலா அடுத்த வரிக்கு இறங்கினாள். ஒரு பெண், அவள் தங்கை, கணவன் அல்லது மனைவி. அதற்கடுத்தது ஒரு பெண், அவள் அக்காள். இறங்கிக்கொண்டே போனாள். எண்ணுகிறாள் என்று ஞானையனுக்குத் தெரிந்தது. எத்தனை என்று அவர் சொல்லவில்லை. ஜெனிலா போட மறுத்த அந்தக் கையெழுத்துக்குத் தேவையான எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. ஒன்பது வேலை நாளும் இருந்திருக்கிறது. ஏப்ரலிலும் இருந்திருக்கிறது.

“என்ன மேடம், விடுப்பு உண்டா?” என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து சகாயசெல்வி கேட்டாள்.

“உண்டுக்கா. ஏழு நாள்.” அவள் மேலே ஏறி முதல் வரிக்கு வந்து, இறந்த தேதியை அடித்தாள். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. ஜெனிலா அதைப் படித்துவிட்டு, பொத்தானை அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னவாம் சாறே அது கேக்குது?”

ஞானையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஊழியரின் திருமண நிலையை விதவை என்று மாற்றவா? ஆம். இல்லை. இதில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ அவரால் முடியவில்லை.

“இனி உன்னைய விதவைண்ணு எழுதட்டாண்ணு கேக்குது மக்கா.”

சகாயசெல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். உள்ளே அறுபது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

“எழுதச் சொல்லும்,” என்றாள். “ஆறு நாளா அந்த வீட்டுல நான் வேற ஆராக்கும்?”

ஜெனிலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த பெயரையே பார்த்தாள். பிறகு ஞானையன் பக்கம் திரும்பினாள். மெஷின் சத்தத்தில் கேட்கவேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

“நடந்திருக்கு சார். நீங்க சொன்னது அப்படியே நடந்திருக்கு.”